அணுக்கழிவை அகற்றும் கைகள் எந்தச் சட்டத்தின் கணக்கில் வரும்?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே, அணுமின் துறையைத் தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் ‘சாந்தி’ சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. முன்னதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பின்னதை அணு உலை எதிர்ப்பு இயக்கங்கள் எதிர்த்தன. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தவர்கள் குறைவு. அவ்வாறு படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. அணு உலைகளிலும் அணு எரிபொருள் ஆலைகளிலும் கழிவை அகற்றுகிற, கதிரியக்கம் படிந்த தரையைக் கழுவுகிற, பழைய குழாயை அறுத்தெடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளி இந்தச் சட்டங்களில் எங்கே இருக்கிறார்?

உறையூரில் நாம் நடத்திவரும் சட்டப் பயிற்சி வகுப்பில் இதைப் பேச எடுத்தபோது கல்லூரி மாணவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். மலக்குழி மரணங்கள் இருக்கின்றன, பஞ்சமி நிலம் இருக்கிறது, ஆணவக் கொலைகள் இருக்கின்றன. இவற்றுக்கிடையே அணுசக்தி நமக்கு எதற்கு? அதற்கான விடையே இக்கட்டுரை. அணுசக்தி நமக்குத் தொலைவில் இல்லை. நம் ஊருக்கு அருகே திருவெறும்பூரில் உள்ள பெல் ஆலையில்தான் அணுமின் நிலையங்களுக்கான நீராவி உற்பத்திக் கலன்கள் உருவாக்கப்படுகின்றன. கல்பாக்கமும் கூடங்குளமும் நம் மாநிலத்தில் உள்ளன. கழிவகற்றும் வேலையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தவரை, உறையூர்த் தெருவில் விடியுமுன் துடைப்பத்துடன் இறங்கும் தூய்மைப் பணியாளருக்கும் அணு உலைக்குள் தரை துடைப்பவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கல்பாக்கம், 2003 ஜனவரி 21

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் மட்டும் இல்லை. எரிந்து முடிந்த அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுசெயலாக்க ஆலையும் அங்கு உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின்கீழ் இயங்கும் அந்த ஆலையில் பிரித்தெடுப்புக்குப் பின் எஞ்சும் திரவக் கழிவு, அதன் கதிர்வீச்சின் வீரியத்திற்கேற்பத் தனித்தனித் தொட்டிகளில் சேமிக்கப்படுகிறது.

2003 ஜனவரி 21 அன்று, குறைந்த வீரியக் கழிவுத் தொட்டி ஒன்றிலிருந்து மாதிரி எடுக்கத் தொழிலாளர்கள் சென்றனர். ஒரு வால்வு பழுதானதால் உயர் வீரியக் கழிவு அந்தத் தொட்டிக்குள் கலந்திருந்தது. வால்வு பழுதானதைக் காட்டும் அமைப்பு இல்லை. அப்பகுதியில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவியும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்த பின்னரே தாங்கள் எதன் அருகில் நின்றிருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. ஆறு பேர் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரையிலான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி ஒரு தொழிலாளி ஐந்து ஆண்டுகளில் பெறக்கூடிய மொத்த அளவே 100 மில்லிசீவர்ட்தான். அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 20. பதினான்கு முதல் இருபத்தோராண்டு வரை பணியாற்றிச் சேரவேண்டிய அளவு ஒரே பணிநேரத்தில் அவர்கள் உடலில் இறங்கியது.

அதன்பின் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஊழியர் சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. பயன் இல்லை. வேலைநிறுத்தம் செய்தது. முன்னணியில் நின்றவர்கள் இடமாற்றம் செய்யப்பட்டனர். சங்கம் செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சென்ற பிறகு, ஆகஸ்ட் மாதத்தில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கதிர்வீச்சுப் பாதிப்பைப் பொறுத்தவரை இந்திய அணுசக்தி வரலாற்றிலேயே மோசமான விபத்து என்று அவரே கூறினார். கூடவே, தொழிலாளர்கள் அளவுமானிப் பட்டையை அணியவில்லை என்ற குற்றச்சாட்டும் நிர்வாகத் தரப்பில் வைக்கப்பட்டது.

இந்த விபத்தை விசாரிக்கச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் அப்போது இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து எடுக்கப்பட்டு, மையத்தின் உள் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆலையை நடத்துபவரும் அதைச் சோதிப்பவரும் ஒருவரே.

சங்கத்தின் ஆதரவு பெற்ற ஆறு பேருக்கு நேர்ந்தது வெளியே வருவதற்கே ஆறு மாதங்களுக்கு மேலாயிற்று. சங்கம் இல்லாத, அடையாள அட்டையில் ஒப்பந்ததாரர் பெயர் மட்டுமே உள்ள ஒருவருக்கு நேர்ந்தால் என்ன ஆகும்?

உடல்களைப் பங்கிடும் வேலை

கதிர்வீச்சிலிருந்து ஒருவரைக் காப்பாற்ற மூன்று வழிகளே உண்டு. இடையில் தடுப்பு வைக்கலாம். தொலைவில் நிற்கச் செய்யலாம். அல்லது அவர் அங்கே நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். உலை ஓடும்போது கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவருக்கு முதல் இரண்டும் கிடைக்கின்றன. கழிவைத் துடைப்பவருக்கும் குழாயை வெட்டுபவருக்கும் அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. துடைப்பவர் தொட்டாக வேண்டும். எஞ்சுவது நேரம் மட்டுமே. ஒருவர் பத்து நிமிடம் செய்யவேண்டிய வேலையை ஐந்து பேர் இரண்டிரண்டு நிமிடமாகச் செய்தால் எவரும் வரம்பைத் தாண்டமாட்டார்கள். இவ்வாறு, தூய்மைப் பணி அதன் இயல்பிலேயே நிறைய உடல்களைக் கேட்கிறது. நிரந்தர ஊழியர்களின் எண்ணிக்கையோ வரம்புக்குட்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளி இவ்விடத்தில்தான் தேவைப்படுகிறார்.

பதிவான நிகழ்வுகள் இதையே காட்டுகின்றன. 2012 ஜூன் மாதத்தில் ராஜஸ்தான் அணுமின் நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது 38 தொழிலாளர்கள் டிரிட்டியம் பாதிப்புக்கு உள்ளாயினர். டிரிட்டியம் நீரோடு நீராகக் கலந்து மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்வது. சட்டையில் குத்தியிருக்கும் அளவுமானிப் பட்டை அதைக் காட்டாது. சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். அதே நிலையத்தில் 1991இல் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கனநீர் என்று அறியாமலே அதை வண்ணம் பூசும் வேலைக்குப் பயன்படுத்தி, அதிலேயே கையும் முகமும் கழுவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவருடைய கவனக்குறைவாக இதைக் காண முடியாது. தான் கையாளும் பொருள் இன்னதென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

அணு நிலையத்தின் மதிலுக்கு வெளியேயும் இது நடந்திருக்கிறது. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் பல்லாண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்றைப் பழைய பொருள் ஏலத்தில் விற்றது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. அது மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குச் சென்று சேர்ந்தது. அதை உடைத்துப் பிரித்தவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. ஒருவர் உயிரிழந்தார், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நிறுவனம் கழித்துக் கட்டிய நஞ்சு, கழிவோடு வாழ விதிக்கப்பட்டவர்களின் கையில் வந்து சேர்ந்தது.

அணுசக்தி நிர்வாகம் இதற்குத் தரும் மறுமொழியையும் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தொழிலாளர்கள் பெறும் சராசரிக் கதிர்வீச்சு வரம்புக்கு மிகக் கீழே உள்ளது என்பது அம்மறுமொழி. சராசரி உண்மையாகவே குறைவாக இருக்கலாம். ஆனால் அலுவலக அறையில் இருப்பவரையும் கழிவுத் தொட்டியருகே இருப்பவரையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண், தொட்டியருகே இருப்பவரைப் பற்றி எதுவும் சொல்லாது. குறைந்த அளவுக் கதிர்வீச்சிலும் அளவுக்கேற்ற புற்றுநோய் வாய்ப்பு உண்டு என்ற அடிப்படையில்தான் உலகெங்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. வரம்பு என்பது ஆபத்தே இல்லாத எல்லை அல்ல. ஏற்கத்தக்கது என்று நிர்வாகம் முடிவு செய்த ஆபத்தின் அளவு. அந்த ஆபத்தை ஏற்பவர் யார் என்பதே நம் கேள்வி.

முதல் ஓட்டை: ‘முதன்மைப் பணி’ ஆகாத தூய்மை

இப்போது சட்டத்துக்கு வருவோம். பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020, பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதன் 57ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் முதன்மைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக்கூடாது என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதன்மைப் பணி எது என்ற வரையறையைப் படிக்கும்போதுதான் விளங்குகிறது. நிறுவனம் அதற்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால், கூட்டுதல், துடைத்தல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்தல், அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவு வேலைகள் முதன்மைப் பணியாகக் கருதப்படமாட்டா. பராமரிப்பு உள்ளிட்ட கட்டுமான வேலைகளும் அவ்வாறே. இடைவிட்டு நடக்கும் வேலையானால், அது முதன்மைப் பணியாகவே இருந்தாலும் விலக்கு உண்டு.

‘எல்லா வகைக் கழிவுகளும்’ என்ற சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். அலுவலகக் குப்பைத் தொட்டியும் கதிரியக்கக் கழிவும் இந்தச் சொற்களுக்குள் ஒன்றாகிவிடுகின்றன. அணு உலை மின்சாரம் தயாரிக்க அமைக்கப்பட்டது. ஆகவே அதன் கழிவை அகற்றுவது முதன்மைப் பணி அல்ல என்று ஒரு நிர்வாகம் வாதிட இது இடம் தருகிறது. உலையை நிறுத்திச் செய்யும் பெரும் பராமரிப்போ இடைவிட்டு நடப்பது, அதற்கும் விலக்கு. கதிர்வீச்சு மிகுந்த வேலைகள் எவையோ அவையே ஒப்பந்தத்துக்கு விடத்தக்க வேலைகளாகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயமே 50 பேருக்குக் குறைவாக அமர்த்தும் இடங்களுக்குப் பொருந்தாது. பழைய சட்டத்தில் அந்த எண் 20 ஆக இருந்தது. சிறு சிறு ஒப்பந்தங்களாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் புதியதன்று.

இந்த வரையறை வானத்திலிருந்து விழவில்லை. ஓர் ஊர் இயங்கத் தூய்மைப் பணி இன்றியமையாதது. ஆனால் அதைச் செய்பவர் அந்த ஊரைச் சேர்ந்தவர் அல்லர், அவருக்கு இடம் ஊருக்கு வெளியே. நூற்றாண்டுகளாகச் சாதி எழுதிய விதி அதுதான். ஊர், சேரி என்ற பிரிவினை இப்போது ‘முதன்மை’, ‘முதன்மை அல்லாதது’ என்ற சட்டச் சொற்களில் வந்து நிற்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்து நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் எதிர்த்ததும் இதைத்தான். நகரின் குப்பையை அகற்றுவது மாநகராட்சியின் நேரடிப் பணியா, தனியாருக்கு விடத்தக்க வேலையா என்பதே அங்கும் வழக்கு.

கழிவுநீர்த் தொட்டிகளையும் பாதாளச் சாக்கடைகளையும் தூய்மை செய்பவர்கள் குறித்து ஒன்றிய அரசே 2024இல் தந்த விவரம் உண்டு. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. அணு நிலைய ஒப்பந்தத் தொழிலாளருக்கு இப்படியொரு கணக்கு வெளியிடப்பட்டதில்லை. ஒன்றிய அரசின் நிரந்தரப் பணிக்கு இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்ததாரர் வழியாக எடுக்கப்படும் வேலைக்கு இல்லை. ஆனாலும் கழிவகற்றும் வேலை எங்கே இருந்தாலும் எழுதப்படாத ஓர் ஒதுக்கீடு தானாக நிறைவேறிவிடுவதை நாம் அறிவோம்.

இரண்டாம் ஓட்டை: ஆறு மாதம்

தொழில்சார் நோய்க்கு இழப்பீடு தருவது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக இருந்தது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020இன் 74ஆம் பிரிவில் இருக்கிறது. கதிர்வீச்சால் வரும் நோய்கள் அதன் மூன்றாம் அட்டவணையின் ‘ஆ’ பகுதியில் இடம்பெற்றுள்ளன. அப்பகுதியில் உள்ள நோய்க்கு ஆளாகும் தொழிலாளிக்குச் சட்டம் ஒரு பெரிய உதவி செய்கிறது. அந்நோய் வேலையால்தான் வந்தது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும்; இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளி.

ஆனால் அந்த ஊகத்துக்கு நிபந்தனை உண்டு. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் பணியாற்றியிருக்க வேண்டும். அதே வேலையை வேறொரு முதலாளியிடம் செய்த காலம் கணக்கில் வராது. ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் பணியிடத்தில் இந்த நிபந்தனை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வாயிலில், ஒரே வேலைக்கு, ஐந்து ஆண்டுகளாக ஒருவர் போய்வரலாம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை அவர் பெயர் வேறொரு ஒப்பந்ததாரரின் பதிவேட்டுக்கு மாறினால், சட்டத்தின் கண்ணில் அவர் எவரிடமும் ஆறு மாதம் பணியாற்றவில்லை. கதிர்வீச்சோ ஒப்பந்தக் காலத்தைப் பார்ப்பதில்லை. ரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலும், மற்ற புற்றுநோய்கள் பத்தாண்டுகள், அதற்கு மேலும் கழித்தும் வெளிப்படக்கூடும். வேலையை விட்ட பிறகு நோய் வந்தால், அது அந்த வேலையால் வந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளில் ஏறிவிடுகிறது. மெய்ப்பிக்கத் தேவையான ஆவணங்களோ நிர்வாகத்தின் அலமாரியில்.

மூன்றாம் ஓட்டை: இரகசியம்

அந்த அலமாரியைத் திறக்க முடியுமா? 1995இல் ஏ. கோபாலகிருஷ்ணன் தலைவராக இருந்த காலத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், நாட்டின் அணு நிலையங்களில் உள்ள சுமார் 130 பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து அறிக்கை தயாரித்தது. அதை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) நீதிமன்றம் சென்றது. அணுசக்திச் சட்டம் 1962இன் 18ஆம் பிரிவின்கீழ் அதை இரகசியமாக வைக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்று மும்பை உயர்நீதிமன்றமும், 2004இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டன. நாட்டின் பாதுகாப்பும் தொழிலாளியின் பாதுகாப்பும் ஒரே கோப்புக்குள் வைத்துப் பூட்டப்பட்டன.

2025ஆம் ஆண்டின் புதிய சட்டம், 1962 சட்டத்துக்கும் 2010ஆம் ஆண்டின் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்கும் மாற்றாக வந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு அது சட்டத் தகுதி தருகிறது, வரவேற்கத்தக்கதே. எனினும் தகவலைக் கட்டுப்படுத்தப்பட்டதாக அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடமே நீடிக்கிறது. விபத்து நேர்ந்தால் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்பு, நிலையத்தின் அளவுக்கேற்ப 100 கோடி முதல் 3,000 கோடி ரூபாய் வரை என்று வரம்பு கட்டப்பட்டுள்ளது. இலாபம் தேடும் நிறுவனங்கள் உள்ளே வரும்போது, இரகசியத்தின் நிழல் அவர்களுக்கும் கிடைத்தால் கேள்வி கேட்பவர் எங்கே நிற்பார்?

கொடைக்கானல் கற்பித்தது

மூடப்பட்ட ஆலையின் நஞ்சு எப்படி நீடிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்ட பின் 2001இல் மூடப்பட்டது. பணியாற்றியபோது தங்களுக்கு இருந்த நோய்கள் பாதரசத்தால் வந்தவை என்று நிறுவத் தொழிலாளர்கள் தாங்களே சங்கமாகத் திரண்டு, தங்கள் உடல்களையே சான்றாக முன்வைத்தனர். 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள். மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்ற சர்ச்சை அதன் பிறகும் நீண்டது. பாதரசத்துக்கே இவ்வளவு என்றால், கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத கதிர்வீச்சுக்கு?

ஹான்ஃபோர்டும் புகுஷிமாவும்

உலகில் அணுத் தூய்மைப் பணியின் பெரிய களம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹான்ஃபோர்ட். நாகசாகியில் போடப்பட்ட குண்டின் புளூட்டோனியம் அங்கே உருவாக்கப்பட்டது. 1943இல் அதைக் கட்ட அழைத்துவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். அருகிலிருந்த ஊர்களில் பாஸ்கோ நகரின் ரயில் பாதைக்குக் கிழக்கே மட்டுமே அவர்களால் குடியிருக்க முடிந்தது. நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உற்பத்தி நின்றபின், 1989 முதல் அங்கே தூய்மைப் பணி நடக்கிறது. 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு. உற்பத்தி நடந்த காலத்துக்கு நிகராகத் தூய்மைக் காலம் நீண்டுகொண்டிருக்கிறது. 2017இல் அங்குள்ள பழைய புளூட்டோனிய ஆலையை இடித்தபோது கதிரியக்கத் துகள்களை உட்கொண்டவர்கள் 42 பேர். செல்வமும் கருவிகளும் மிகுந்த நாட்டிலும் தூய்மைப் பணி ஆபத்தான பணியே.

ஆனால் அங்கே தொழிலாளர்கள் போராடிப் பெற்ற சட்டத்தைப் பாருங்கள். 2018இல் வாஷிங்டன் மாநிலம், ஹான்ஃபோர்டில் எட்டு மணி நேரப் பணிநேரம் ஒன்றை முடித்திருந்தாலே, குறிப்பிட்ட நோய்கள் அவ்வேலையால் வந்தவை என்று ஊகிக்கும் சட்டத்தை இயற்றியது. ஒன்றிய அரசுக்கு மட்டும் தனிச் சுமை விதிக்கிறது என்ற அடிப்படையில் 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, மாநிலம் அச்சட்டத்தைப் பொதுவான வடிவில் திருத்தி எழுதிக்கொண்டிருந்தது. அங்கே எட்டு மணி நேரம். இங்கே ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்.

புகுஷிமாவின் கதை நம்முடையதோடு இன்னும் நெருங்கியது. 2011 விபத்துக்குப் பின் தூய்மைப் பணி பல அடுக்கு உள் ஒப்பந்தங்கள் வழியாக, நாட்கூலிகளின் கைகளுக்குச் சென்றது. ஆனாலும் ஜப்பானில் அணுத் தொழிலாளிக்கென ஒரு கதிர்வீச்சுக் கையேடு உண்டு; எந்த ஒப்பந்ததாரரிடம் சென்றாலும் அவருடைய அளவு அதில் தொடர்ந்து பதியப்படும். ரத்தப் புற்றுநோய்க்கு இழப்பீடு பெற, பணியாற்றிய ஆண்டுகளின் எண்ணிக்கையை 5 மில்லிசீவர்ட்டால் பெருக்கி வரும் அளவு போதும் என்ற விதி 1976 முதல் உள்ளது. அதன்படி 2015 அக்டோபரில் புகுஷிமாத் தொழிலாளி ஒருவருக்கு முதன்முதலாக இழப்பீடு ஏற்கப்பட்டது. அளவீடு தொழிலாளியோடு பயணம் செய்தால்தான் உரிமையும் அவரோடு பயணம் செய்யும்.

வரவிருக்கும் வேலை

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்? இந்திய அணு நிலையங்கள் முதுமை அடைகின்றன. தாராப்பூரின் முதல் இரு உலைகள் 1969இல் தொடங்கியவை. கல்பாக்கத்தின் உலைகள் 1984, 1986ஆம் ஆண்டுகளின் உலைகள். டிராம்பேயில் இருந்த சைரஸ் உலை 2010 இறுதியில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்ட ஒவ்வோர் உலையும் பல பத்தாண்டுகளுக்குத் தூய்மைப் பணியிடமாக மாறும். உலையைக் கலைப்பதற்காக மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கப்படுகிறது. அந்த 2 பைசாவில் இரும்பை அறுக்கும் செலவு உண்டு. இரும்பை அறுப்பவருக்கு இருபது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோயின் செலவை எவரும் அதில் எழுதியதாகத் தெரியவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். கதிர்வீச்சுப் பகுதிகளில் நடக்கும் தூய்மை, கழிவகற்றல், உலை கலைப்பு ஆகியவை முதன்மைப் பணிகள் என்று 57ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசு அறிவிக்க வேண்டும். கழிவைக் கையாள ஏற்பாடு இல்லாமல் எந்த உலைக்கும் உரிமம் கிடைக்காது; உரிமத்துக்கு இன்றியமையாத பணி நிறுவனத்துக்கு இன்றியமையாதது அல்ல என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடாத வாதம். ஆறு மாதக் கணக்கில், ஒரே நிலையத்தில் வெவ்வேறு ஒப்பந்ததாரர்களிடம் செய்த பணியைச் சேர்க்க வேண்டும். கதிர்வீச்சு நோய்க்கு மாதக் கணக்கை விடுத்து, உடல் பெற்ற அளவையே அடிப்படையாக்க வேண்டும். அந்த அளவு தொழிலாளியின் மொழியில், அவர் கையில் இருக்கும் கையேட்டில் பதியப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரின் கதிர்வீச்சு அளவுகளைத் தனியாகவும், சமூகப் பிரிவு வாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றுக்குச் சட்ட அடித்தளம் இல்லாமல் இல்லை. கல்நார் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவருடைய மருத்துவ ஆவணங்களைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணியிலிருந்து விலகியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. கல்நாருக்குப் பொருந்துவது கதிர்வீச்சுக்கும் பொருந்தும் என்று வாதிடுவது எளிது.

வழக்கு வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் தங்கள் ஊரில், தங்கள் தெருவில் அங்கே வேலைக்குச் சென்று வந்தவர்களைச் சந்தியுங்கள். நுழைவுச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டு ஆகியவற்றின் படிகளைச் சேகரித்துப் பாதுகாத்து வையுங்கள். ஒப்பந்ததாரர் மாறினாலும் வைப்பு நிதிக் கணக்கு அவர் எந்தக் காலத்தில் எவரிடம் இருந்தார் என்பதைச் சொல்லும். தொழிலாளர் வழக்குகளில் பல நேரம் அது ஒன்றே நமக்குக் கிடைக்கும் சான்று. தன் உடல் பெற்ற கதிர்வீச்சு அளவைக் கேட்டுத் தொழிலாளியே தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்தில் தரவேண்டும் என்று அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. தன் சொந்த உடலின் கணக்கை நாட்டின் பாதுகாப்பு இரகசியம் என்று மறுப்பார்களானால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குவோம். நீதிமன்றத்தில் நம் முதல் ஆவணம் அதுவாகவே இருக்கட்டும்.

மலக்குழிக்குள் மனிதரை இறக்குவது குற்றம் என்று நாட்டை ஏற்கச் செய்ய நம் இயக்கங்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. சாவுகள் இன்னும் நிற்கவில்லை. அங்கே ஒருவர் இறந்தால் அன்று மாலையே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அணு நிலையத்தின் தூய்மைப் பணியாளர் இறப்பது வேலை முடிந்து பல ஆண்டுகள் கழித்து, தன் வீட்டில், வேறொரு நோயின் பெயரில். எனவே கணக்கெடுப்பை நாம் இப்போதே தொடங்க வேண்டும்.